கலாச்சாரத்துக்கு என்ன வயசு?

அட்டப்பாடி மலையிலுள்ள அகளியில் நின்று கிழக்கே பஸ் ஏறினால் ஆனைகட்டி, அப்புறம் கோயம்புத்தூர். மேற்கே சுரம் இறங்கினால் மண்ணார்க்காடு, அப்புறம் பாலக்காடு. எந்தப் பக்கம் போனாலும் ஒரு டயலாக் மட்டும் மாறாது: "அந்தக் காலத்துல எவ்வளவு ஒழுக்கமா இருந்தாங்க! இப்பத்தான் எல்லாம் கெட்டுப்போச்சு." கிழக்கே தமிழில் சொல்வார்கள், மேற்கே மலையாளத்தில் சொல்வார்கள், அகளியில் இரண்டையும் கலந்து சொல்வார்கள். சரி, அந்தக் காலம் என்றால் எந்தக் காலம்? இதைக் கேட்டால்தான் எல்லோருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது.

பரவாயில்லை, வேறு சாட்சியைக் கூப்பிடுவோம். பெயர் லுடோவிக்கோ டி வர்தேமா. இத்தாலியில் போலோன்யா ஊர்க்காரர். 1502 வாக்கில் ஊரைவிட்டுக் கிளம்பி, முஸ்லிம் வேஷம் போட்டு மெக்கா வரை போய், சுற்றிவளைத்துக் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். 1510-ல் ரோமில் அவர் புத்தகம் அச்சானது. அந்தக் காலத்து டிராவல் விளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கோட்டில் ஒரு பெண்ணுக்குப் பல கணவர்களாம், சிநேகிதர்கள் மனைவிகளை மாற்றிக்கொள்வார்களாம் என்று எழுதி ஐரோப்பாவை வாய் பிளக்க வைத்தார். கண்ணால் கண்டது எவ்வளவு, காதால் கேட்டது எவ்வளவு என்பது அவருக்கே வெளிச்சம். வியூஸ் ஏற வேண்டுமே!

ஆனால் இந்த உத்தமர் கிளம்பி வந்தபோது ரோமில் யார் போப் தெரியுமா? போர்ஜியா குடும்பத்து ஆறாம் அலெக்சாண்டர். பிரம்மச்சரியம் பூண்ட திருத்தந்தை. அந்தப் பட்டத்தில் 'தந்தை' என்ற பாதியை அவர் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டுவிட்டார். சேசரே, லுக்ரேசியா என்று பிள்ளைகள், அதுவும் ஊரறிய. மகள் லுக்ரேசியாவின் புருஷன் ஜொவான்னி ஸ்ஃபோர்சா அரசியலுக்கு உதவாமல் போனதும் அவரைக் கழற்றிவிட வேண்டி வந்தது. கத்தோலிக்கத்தில் விவாகரத்து கிடையாதே? அதனால் 1497-ல் மாப்பிள்ளையிடம் 'எனக்கு ஆண்மை இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கல்யாணத்தையே ரத்து செய்தார்கள். பாவம் மனிதர். அவருடைய முதல் மனைவி இறந்ததே பிரசவத்தில்.

கோழிக்கோட்டில் இந்தக் கூத்தெல்லாம் தேவைப்படவில்லை. நாயர் வீடுகளில் இருந்தது சம்பந்தம். விளக்கேற்றிவைத்துப் பெண்ணுக்குப் புடவை கொடுத்தால் வேலை முடிந்தது. மாப்பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டைத் தன் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவார், விடிந்ததும் கிளம்பிவிடுவார். குழந்தை பிறந்தால் அம்மாவின் தறவாட்டு, அதாவது தாய்வழிக் குடும்பத்துக் கணக்கில் சேரும். ஒத்துவரவில்லையா? அவர் வருவதை நிறுத்திக்கொள்ளலாம், அல்லது இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதே இல்லை என்பதால் சண்டைக்கும் வழியில்லை. நம் டிவி சீரியல்காரர்கள் அங்கே பிறந்திருந்தால் பட்டினிதான்.

உடனே பெண் விடுதலைக் கொடியை ஏற்றிவிடாதீர்கள். யாரோடு சம்பந்தம் என்பதைப் பல வீடுகளில் தீர்மானித்தவர் காரணவர், அதாவது தறவாட்டை ஆளும் தாய்மாமன். நம்பூதிரி இல்லங்களில் கதை இன்னும் மோசம். மூத்த மகன் மட்டுமே சொந்த ஜாதியில் கல்யாணம் செய்துகொள்ளலாம். தம்பிமார் எல்லாம் நாயர் வீடுகளில் சம்பந்தம். ஏன் இந்த ஏற்பாடு? தம்பிகளுக்கும் பெண்டாட்டி பிள்ளை என்று வந்துவிட்டால் நிலத்தைப் பங்கு போட வேண்டுமே. தர்மம், ஆசாரம் என்று ஊரே கும்பிட்டதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது பத்திரப் பதிவு ஆபீஸ்.

இந்தக் கணக்குக்கு ஒரு நல்ல ருசு அகளியிலேயே இருக்கிறது. அட்டப்பாடிக் காடுகள் மண்ணார்க்காடு மூப்பில் நாயர் மாதிரி ஜென்மிகளின், அதாவது நிலச் சொந்தக்காரர்களின் கையில் இருந்தன. காட்டில் வாழ்ந்தவர்கள் இருளர், முதுகர், குறும்பர். இருளர் வழக்கத்தில் பரியம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. கணவன் இறந்தால் பெண் மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் ஊரில் பேசிப் பிரியலாம். காக்கப் பத்திரம் இல்லாத இடத்தில் கற்புக்கு வாட்ச்மேன் போடவும் ஆள் இல்லை. கீழே சமவெளியில் படித்த பெரிய மனிதர்கள் விதவை மறுமணம் செய்யலாமா கூடாதா என்று தலைமுறை தலைமுறையாக மேடை போட்டுத் தொண்டை வறண்டார்கள். மேலே அது ஒரு செய்தியே இல்லை. 'நாகரிகம் இல்லாதவர்கள்' என்ற பட்டத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இந்த நேரத்தில் வெள்ளைக்காரர் கோர்ட் வந்து சேர்ந்தது. விக்டோரியா ராணியின் ஆட்கள் சம்பந்தத்தைப் பார்த்து முகம் சுளித்து, சட்டப்படி இது கல்யாணமே இல்லை என்றார்கள். அதுவரை நிம்மதியாக இருந்த இங்கிலீஷ் படித்த நாயர் இளைஞர்களுக்குத் திடீரென்று வெட்கம் வந்துவிட்டது. அதில் முதல் ஆள் பாலக்காட்டுப் பக்கம் மங்கரையில் பிறந்த சேற்றூர் சங்கரன் நாயர். ஆமாம், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காக 1919-ல் வைஸ்ராய் கவுன்சில் பதவியைத் தூக்கி எறிந்தாரே, 2025-ல் 'கேசரி' இரண்டாம் பாகத்தில் அக்ஷய் குமார் கறுப்புக் கோட்டில் வந்து கர்ஜித்தாரே, அவரேதான். 1890-ல் அவர் கர்ஜித்தது வேறு விஷயத்துக்காக: எங்கள் சம்பந்தத்தைக் கல்யாணமாக்கிக் கொடுங்கள்!

சர்க்கார் வழக்கம்போல ஒரு கமிஷன் போட்டது. மலபார்க்காரர்களின் படுக்கையறையை விசாரிக்கத் தலைவராக வந்தவர் யார்? தஞ்சாவூர் மண்ணிலிருந்து போய் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆன சர் டி. முத்துசாமி ஐயர். உறுப்பினர்களில் ஒருவர் ஓ. சந்து மேனன். 1889-ல் 'இந்துலேகா' நாவல் எழுதி, சம்பந்தம் தேடி வரும் நம்பூதிரிப்பாட்டைக் கதாநாயகி துரத்தியடிப்பதாகக் காட்டி ஊரையே சிரிக்க வைத்தவர். கமிஷனில் அவர் புரட்சி செய்வார் என்றுதானே நினைக்கிறீர்கள்? சம்பந்தமே நல்ல கல்யாணம்தான், புதுச் சட்டம் எதற்கு என்று தனிக் குறிப்பு எழுதிவைத்தார். நாவலில் இருக்கும் தைரியம் கவர்மென்ட் பேப்பரில் இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

1896-ல் மலபார் திருமணச் சட்டம் வந்தேவிட்டது. விரும்பினால் சம்பந்தத்தை ரிஜிஸ்டர் செய்துகொள்ளலாம். பெரிய ரிஜிஸ்டர் புத்தகம், மை, பேனா எல்லாம் ரெடி. ஆட்களைத்தான் காணோம். காரணம் எளிது. பதிவு செய்தால் மனைவி மக்களுக்குச் சோறு போட வேண்டும், சம்பாத்தியத்தில் பங்கு கொடுக்க வேண்டும், பிரிவதென்றால் கோர்ட் படி ஏற வேண்டும். சீர்திருத்தம் பேசிய கனவான்கள் பலரும் ரிஜிஸ்டர் இருந்த தெருவையே தவிர்த்தார்கள். பாசம் இருந்தது; பாஸ்புக்கில் பேர் சேர்க்கத்தான் மனசு வரவில்லை.

நாயர் வீட்டுக் கதவு இப்படித் திறந்து கிடக்க, நம்பூதிரி இல்லத்துக் கதவு இறுக்கிப் பூட்டியிருந்தது. இல்லத்துப் பெண்ணுக்கு அந்தர்ஜனம் என்று பெயர். வெளியே வந்தால் முகத்தை மறைக்க ஓலைக் குடை, கூடவே ஒரு வேலைக்காரப் பெண். தம்பிமார் எல்லாம் வெளியே சம்பந்தத்துக்குப் போய்விட்டதால் மாப்பிள்ளைப் பஞ்சம்; கிழவருக்கு மூன்றாம் தாரம், நான்காம் தாரமாகப் போனவர்கள் உண்டு. இதற்கும் மேல் ஒரு பெண் மீது சந்தேகம் வந்தால் ஸ்மார்த்தவிசாரம். அவளை இல்லத்திலிருந்து பிரித்துத் தனி அறையில் அடைப்பார்கள். ஸ்மார்த்தன் என்ற விசாரணை அதிகாரி வாசலில் நின்று கேள்வி கேட்பார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வரை அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள், அவள் 'சாதனம்'. ஆம், பீரோ, நாற்காலி வரிசையில் ஒன்று.

1905-ல் அந்த நாற்காலி வாயைத் திறந்தது. பெயர் தாத்ரி, குறியேடத்து இல்லத்து மருமகள். விசாரித்தவர் பெருமன்னம் ஜாதவேதன் நம்பூதிரி. வழக்கப்படி பெண் அழுவாள், ஒப்புக்கொள்வாள், ஜாதியை விட்டு விலக்கிச் சாவுச் சடங்கு செய்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று கூடியிருந்த பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். தாத்ரி ஒப்புக்கொண்டாள். சந்தோஷம். கூடவே, சட்டம் எனக்கு மட்டும்தானா, வந்தவர்களுக்கு இல்லையா என்று ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள். சாட்சியம், அடையாளம் எல்லாம் சேர்த்து. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்குத் திடீரென்று ஊரில் அவசர வேலை ஞாபகம் வந்திருக்கும்.

மொத்தம் அறுபத்து நான்கு பேர். ஆய கலைகளின் எண்ணிக்கை என்றால் சும்மாவா! முப்பது நம்பூதிரிகள், பதின்மூன்று அம்பலவாசிகள் (கோயில் ஊழிய ஜாதியார்), பதினொரு நாயர்கள். லிஸ்டில் சங்கீதம் தெரிந்தவர்கள் உண்டு, சாஸ்திரம் படித்தவர்கள் உண்டு, கதகளி மேடையைக் கலக்கிய காவுங்கல் சங்கரப் பணிக்கரும் உண்டு. கூட்டிப் பாருங்கள், இன்னும் பத்து பேர் குறைகிறார்களா? மலையாளத்தான் கதை நமக்கென்ன என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிரலாம். அந்தப் பத்து பேர் நம் ஐயர்கள்.

கொச்சி மகாராஜாவுக்குத் தலைவலி. அதுவரை பெண் பெயர் சொன்னால் ஆணுக்கு அப்பீலே கிடையாது, நேரே ஜாதி நீக்கம். அந்த விதி நூற்றாண்டுகளாக யாரையும் உறுத்தவில்லை. பெரிய மனிதர்கள் பெயர் வந்ததும் மட்டும், ஐயோ அவர்கள் தரப்பையும் கேட்க வேண்டாமா என்று எல்லோருக்கும் நியாய உணர்ச்சி பொங்கியது. திருப்பூணித்துறையில் ஆண்களுக்கும் தனி விசாரணை நடந்தது. குறுக்கு விசாரணையில் தாத்ரி அசரவில்லை. அறுபத்து நான்கு பேருக்கும் ஜாதி போயிற்று. அறுபத்தைந்தாவது பெயரைச் சொல்லும் முன் ஒரு மோதிரத்தை எடுத்து நீட்டினாள், அதில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு மகாராஜா விசாரணையை அங்கேயே நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது. ஆனால் கேரளத்தில் இதை நம்பாத ஆளும் கிடையாது.

ஒழுக்கம் என்றால் உடனே உடுப்புதானே நம் ஆட்களுக்கு? அதையும் பார்த்துவிடுவோம். திருவிதாங்கூர்-கொச்சிக்கு முதலமைச்சராக இருந்த சி. கேசவன் தன் மாமியாரின் கதையை எழுதியிருக்கிறார். இளம்பெண்ணாக இருந்தபோது அவருக்கு நாத்தனார் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாராம். ஆசையாகப் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார். விழுந்தது வசவு! குடும்பப் பெண் மேலே துணி போட்டுக்கொண்டு ஆட்டம் போடுவதா? அப்புறம் என்ன, அந்த ஜாக்கெட்டை ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு, புருஷன் பார்க்க மட்டும் போட்டுக்கொண்டாராம். இன்றைக்கு மகள் துப்பட்டா போடவில்லை என்று கத்தும் தகப்பன்மார்கள் கவனிக்கவும்: கொள்ளுப்பாட்டி திட்டு வாங்கியது போட்டுக்கொண்டதற்கு.

இதற்கிடையே, நமக்கு ஒழுக்கப் பாடம் எடுத்த ஐரோப்பா என்ன செய்துகொண்டிருந்தது? இத்தாலியில் 1970 வரை விவாகரத்தே இல்லை. அதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் வேறொரு வசதி இருந்தது. கள்ளத்தொடர்பில் கையும் களவுமாகப் பிடிபட்ட மனைவியை ஆத்திரத்தில் கொன்றால், 'மானக் கொலை' என்று மூன்று முதல் ஏழு வருஷம்தான் தண்டனை. 1961-ல் பியெத்ரோ ஜெர்மி இதை வைத்தே 'இத்தாலிய பாணி விவாகரத்து' என்று ஒரு காமெடிப் படம் எடுத்தார். மனைவியிடமிருந்து தப்பிக்க ஹீரோ மஸ்த்ரோயான்னி அவளுக்கு ஒரு காதலனைத் தேடி அலைவார். படத்துக்குத் திரைக்கதை ஆஸ்கார் கிடைத்தது. அந்தச் சட்டம் ஒழிய 1981 ஆயிற்று.

ஆக, இத்தாலி மெல்ல அவிழ்த்துக்கொண்டு வந்த முடிச்சை நாம் இறுக்கிக்கொண்டே போனோம். 1933-ல் மெட்ராஸ் சர்க்கார் சட்டம் போட்டு சம்பந்தத்தைக் கல்யாணமாக்கியது. நல்லதுதான். ஆனால் ஒரே தலைமுறையில் ஒரு மேஜிக் நடந்தது. பேரன்கள் எல்லோரும், நாங்கள் ஆதிகாலம் முதல் ஒருவனுக்கு ஒருத்திதான் என்று சத்தியம் செய்ய ஆரம்பித்தார்கள். தாத்தா ராத்திரி டார்ச் இல்லாமல் நடந்து போன வரப்பு இன்னும் அங்கேயேதான் இருந்தது.

தமிழ்நாடு மட்டும் குறைச்சலா? நடிகை குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். அதே குஷ்பு 2005-ல், படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா என்ற ரீதியில் ஒரு பேட்டி கொடுத்தார். துடைப்பம், செருப்பு, இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள்! சுப்ரீம் கோர்ட் 2010-ல் அத்தனையையும் தள்ளுபடி செய்யும்வரை தமிழ்ப் பண்பாடு கோர்ட் வராந்தாவில் காத்திருந்தது. கேரளத்தில் 2014-ல், முத்தம் கொடுத்தார்கள் என்று கோழிக்கோட்டில் ஒரு கஃபேயை உடைத்ததற்குப் பதிலாக, கொச்சி மரைன் டிரைவில் முத்தப் போராட்டம் அறிவித்தார்கள். முத்தமிட வந்தவர்கள் கொஞ்சம் பேர். கலாச்சாரம் கெடுவதைக் கண்ணால் பார்க்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

கடைசி ட்விஸ்ட்டுக்கு வருவோம். இந்திய தண்டனைச் சட்டம் 497-ஆவது பிரிவு. அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்தால் அந்த ஆணுக்கு ஜெயில். ஆனால் புருஷன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. சைக்கிளை இரவல் வாங்குவதற்கு ஓனரிடம் கேட்பதுபோல. 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் இதைத் தூக்கி எறிந்தது: மனைவி புருஷனின் உடைமை இல்லை. மனுப் போட்டவர் ஜோசப் ஷைன் என்ற மலையாளி. அப்போது எங்கே வாழ்ந்தவர் தெரியுமா? இத்தாலியில். வர்தேமாவுக்கு நாம் ஐந்நூறு வருஷம் கழித்துப் போட்ட பதில் மொய்.

தீர்ப்பு வந்த அன்று டிவி விவாதங்களில் ஒரே ஒப்பாரி. ஆயிரமாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் அழிந்தது, குடும்பம் சிதைந்தது என்றார்கள். அந்தப் பாரம்பரியத்தின் பிறந்த வருஷம் 1860. மெக்காலே துரைகூட இது வேண்டாம் என்று தன் வரைவில் சேர்க்காமல் விட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்த துரைமார் சேர்த்தது. நம் முன்னோர் நமக்கு விட்டுப்போனது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதோமே, அது வெள்ளைக்காரர் போகும்போது எடுத்துப்போக மறந்த பெட்டி.