அம்பாசிடருக்கு மூச்சுத் திணறல்

கேள்வி: அப்பா ஆசையாக வைத்திருந்த பழைய அம்பாசிடரில் த்ராட்டில் ஸ்பிண்டில் (கார்பரேட்டரில் காற்றுத் தட்டைத் திருப்பும் அச்சு) உடைந்துவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கியும் புதிது கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் ஊர்க் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-ல். மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது 2014-ல். ஆக, முத்தைவிட ஸ்பிண்டில் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம்!

பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். ஆனால் அங்கே கிடைப்பது இன்னொரு காரில் தேய்ந்து ஓய்வுபெற்றதாக இருக்கலாம். தேய்ந்த ஸ்பிண்டில் ஓரமாகக் காற்றை உள்ளே விடும், ஐடிலிங் தாறுமாறாகும்.

அதற்கு முன், விசைப்படகு எஞ்சின்களுக்குச் சாமான் கடைந்து தரும் உள்ளூர் லேத் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். உடைந்த துண்டோடு கார்பரேட்டரையும் தூக்கிப் போங்கள். ஸ்பிண்டில் சுழலும் துளையும் தேய்ந்திருந்தால் புஷ் போட வேண்டும். காற்றுத் தட்டை ஸ்பிண்டிலோடு பிடிக்கும் இரண்டு குட்டி ஸ்குரூக்களின் நுனியை விரித்துவிடச் சொல்லுங்கள். கழன்றால் நேரே எஞ்சின் வயிற்றுக்குள்தான்.

காலை எடுத்ததும் த்ராட்டிலை மூடும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். அதில் சிக்கனம் பார்த்தால், மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் தோணியை முந்திக்கொண்டு உங்கள் அம்பாசிடர் கடலில் இறங்கிவிடும்.