எந்த வருஷத்துப் பழசு?

காஞ்சிரங்குளத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. பந்து உருளும் அளவுக்குச் சும்மா கிடக்கும் நிலமே இங்கே கிடையாது. ஒரு சென்ட் காலியாக இருந்தால் வாழை வைப்போம், வாழைக்கு நடுவில் மரச்சீனி வைப்போம், அதற்கும் மேல் மிச்சமிருந்தால் அயலத்துக்காரன்மேல் வழக்குப் போடுவோம். கோல்ஃப் குழியைக் கண்ணால் பார்க்கத் திருவனந்தபுரம் கவடியார் வரை போகவேண்டும். அங்கேயும் ஒன்பது குழிதான். பதினெட்டு வேண்டுமென்றால் அதே ஒன்பதை இன்னொரு சுற்று சுற்றவேண்டும்.

ஆனாலும் கோல்ஃப் மைதானங்களைப் பழையபடி ஆக்கும் விஷயத்தில் வாயைத் திறக்க எங்களுக்கு முழுத் தகுதி உண்டு. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் வந்து அழித்து வரைந்தால் என்ன ஆகும் என்பது எல்லையோரத்துக்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்களை அப்படித்தான் வரைந்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. அவற்றோடு சேர்த்துக் கேட்கப்பட்ட எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்துப் பக்கமே நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், அதைப் பராமரிப்பது கேரள அரசு. இதையெல்லாம் பழையபடி ஆக்குகிறேன் என்று இதுவரை எந்த வடிவமைப்பாளரும் வரவில்லை. கோல்ஃபில் வந்துவிட்டார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறார்கள், கூலியும் பெரிது.

கதையை ஆதியிலிருந்து பார்ப்போம். 1457-இல் ஸ்காட்லாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துப் பாராளுமன்றம் கோல்ஃபைத் தடை செய்தது. வில்வித்தை பழகவேண்டிய பயல்கள் குச்சியும் பந்துமாகத் திரிகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் மொபைலைப் பிடுங்கி வைப்பது மாதிரியான சட்டம், அதன் பலனும் அதேதான். 1502-இல் அவர் பேரன் நான்காம் ஜேம்ஸ் பெர்த் நகரத்து வில் செய்கிறவரிடமே கோல்ஃப் மட்டை வாங்கினார். வில்லுக்கும் ஆதரவு, விளையாட்டுக்கும் ஆதரவு. அரசியல் தெரிந்த மனிதர்.

கோல்ஃபுக்குக் காசி என்றால் செயின்ட் ஆண்ட்ரூஸ். பதினெட்டுக் குழி என்பது வேதவாக்கு என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறதே, அங்கே ஆடியது இருபத்திரண்டு. 1764-இல் அங்குள்ள பெரிய மனிதர்கள் கூடி, ஆரம்பத்திலுள்ள நாலு குழிகள் மிகச் சின்னவை, பெருமை இல்லை என்று அவற்றை இரண்டாக்கினார்கள். போகும்போதும் திரும்பும்போதும் அதே குழிகள் என்பதால் இருபத்திரண்டு பதினெட்டாகிவிட்டது. அதாவது மூலவர் என்று எல்லாரும் கும்பிடுகிற எண்ணே ஒரு கமிட்டி செய்த மாற்றம். இதற்கு மேல் இந்தக் கட்டுரையில் சொல்ல எதுவும் இல்லை என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைதானத்தை மாற்றிய கதையையும் மரம் நட்ட கதையையும் சொல்லாமல் எப்படி விடுவது?

ஸ்காட்லாந்தின் டோர்னக்கில் 1872-இல் பிறந்த மைதான வடிவமைப்பாளர் டொனால்ட் ராஸ் 1899-இல் அமெரிக்கா போனார். சுமார் நானூறு மைதானங்கள் அவர் பேரில் இருக்கின்றன. அவர் தாய்வீடு வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட். அவரும் மெக்கன்ஸி, டில்லிங்ஹாஸ்ட் போன்ற வடிவமைப்பாளர்களும் வேலை செய்த காலத்தைத்தான் இன்று பொற்காலம் என்கிறார்கள். பொற்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது பொற்காலம் என்று யாரும் சொல்லவில்லை. ராஸ் 1948-இல் கண்ணை மூடியதும் ஆள் ஆளுக்கு மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

அப்படி இறங்கியவர்களில் ஒருவர் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ். மிச்சிகனில் ராஸ் போட்ட ஓக்லண்ட் ஹில்ஸை 1951 யு.எஸ். ஓபன் போட்டிக்காக மாற்றினார். பந்து விழக்கூடிய இடத்தில் எல்லாம் மணல்குழி வெட்டினார். அங்கே ஜெயித்த பென் ஹோகனே அதை ராட்சசன் என்றார். வைதால் வெட்கப்படவேண்டாமா? கிளப்புக்குப் பெருமை தாங்கவில்லை, அந்தப் பேரையே பட்டப்பெயராக வைத்துக்கொண்டது. பிறகு அதே மைதானத்தை ஜோன்ஸின் மகன் ரீஸ் வந்து இன்னும் கஷ்டமாக்கினார். கடைசியில் கில் ஹான்ஸ் என்பவர் வந்து அப்பன் போட்டதையும் மகன் போட்டதையும் பெயர்த்து, ராஸ் காலத்துச் சாயலைக் கொண்டுவந்தார். 2021-இல் திறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் கிளப் கட்டடம் எரிந்துபோயிற்று. அதையும் பழைய மாதிரியே கட்டுவதென்று தீர்மானம் போட்டார்கள். பழக்கதோஷம்.

வடிவமைப்பாளர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ராஸ் மைதானங்களை அதிகம் மாற்றியவன் புல்வெட்டுகிறவன். ஒவ்வொரு தடவையும் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளித் திருப்பினால் மூலைகள் உருண்டுபோகும். முப்பது வருஷத்தில், குழியைச் சுற்றிப் பரந்து கிடந்த கிரீன் என்ற தரை தோசைக்கல் அளவுக்குச் சுருங்கிவிடும். மணல்குழியிலிருந்து அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் மணல் சிதறிக் கரையில் ஏறி, கரை மேடாகும். யாரும் வரைபடம் போடவில்லை, யாருக்கும் சம்பளம் இல்லை, மைதானம் மட்டும் வேறாகிவிடும். இன்று பழையபடி ஆக்க வரும் மீட்பாளர்கள் மண்ணைத் துளைத்துப் பார்த்துப் பழைய விளிம்பைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்தவர்கள் மரம் நட்டவர்கள். பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் கிளப்பை 1903-இல் உண்டாக்கிய ஹென்றி ஃபவுன்ஸ் இரும்பு வியாபாரி. மரம் இல்லாத மொட்டை வெளியில், தப்பாக அடித்தவன் அழவேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு கட்டினார். 1960-களில் ஒரு பத்திரிகையாளர் இந்த மைதானம் அவலட்சணம் என்கிற பொருளில் எழுதிவிட்டார் என்பது கதை. மாப்பிள்ளை வீட்டார் பெண் கறுப்பு என்று சொன்னது போல் கிளப் துடித்துப்போய், மரம் மரமாக நட்டுத் தள்ளியது. அடுத்த முப்பது வருஷத்தில் மைதானம் காடாகிவிட்டது.

1990-களில் சிலருக்கு ஞானம் வந்தது. மரத்தை வெட்டவேண்டும், ஆனால் உறுப்பினர்கள் சம்மதிக்கமாட்டார்கள். ஆகவே கிளப் தன் மரத்தைத் தானே திருடியது. விடியுமுன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஆட்கள் போவார்கள். மரம் சாயும், கட்டையை அரைத்துக் குழியை மூடுவார்கள், மேலே புல் பத்தை வைப்பார்கள், மரத்தூளைத் துடைத்து எடுப்பார்கள். முதல் ஆட்டக்காரர் வரும்போது எல்லாம் சுத்தம். பல நாள் யாருக்கும் தெரியவில்லை. லட்சக்கணக்கில் பணம் கட்டி உறுப்பினரானவர்கள், நேற்று வரை பந்தை மறைத்த மரம் இன்று இல்லை என்பதைக் கவனிக்கவில்லை! கடைசியில் விஷயம் வெளியே வந்து, பெரிய மனிதர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போட்டார்கள். அதற்குள் காடு பாதி காலி. 2007-இல் யு.எஸ். ஓபன் நடந்தபோது, ஒரு மூலையில் நின்றால் மறுமூலைக் கொடி தெரிந்தது. இப்போது எல்லாரும் முதல்நாளே ஆதரித்ததாகச் சொல்கிறார்கள்.

ஒரே ராத்திரியில் மரம் நட்டவர்களும் உண்டு. 1979 யு.எஸ். ஓபன், ஒஹாயோவின் இன்வர்னஸ். ராஸ் மைதானம்தான், ஃபாசியோ என்பவர் சில குழிகளைப் புதிதாகச் செருகியிருந்தார். முதல் நாள் லான் ஹிங்கிள் என்ற ஆட்டக்காரர் எட்டாவது குழிக்குப் போகப் பதினேழாவது குழியின் வழி சுருக்கம் என்று கண்டுபிடித்து அங்கே அடித்தார். எங்கள் பக்கத்துக்காரன் யாரும் இதில் தவறு காணமாட்டான், ஒற்றையடிப்பாதை இருக்க ரோட்டில் ஏன் போகவேண்டும்? அதிகாரிகள் மறுநாள் காலை ஆட்டத்துக்குள் அந்த இடத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். ஹிங்கிள் வந்து பார்த்தார், மறுபடி அதே வழியில் அடித்தார். வரலாற்றில் அந்த மரத்துக்கு அவர் பேர். ஃபாசியோ செருகியதைப் பின்னால் ஆண்ட்ரூ கிரீன் என்பவர் எடுத்துவிட்டார்.

நான் உண்மையாகவே மெச்சுகிற மீட்பு பைன்ஹர்ஸ்டின் இரண்டாம் எண் மைதானம். 1907-இல் தொடங்கி ராஸ் சாகும்வரை செதுக்கிக்கொண்டிருந்த இடம். 1970-களில் புதிய முதலாளிகள் வந்து, மணலும் காட்டுப்புல்லுமாகக் கிடந்ததை ஒரே பச்சைப் புல்லாக்கினார்கள். 2010, 2011-இல் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் வந்தார்கள். கையில் 1943-இல் வானத்திலிருந்து எடுத்த படங்கள். மண்ணுக்குள் பழைய தண்ணீர்க் குழாய் நேர்வரிசையில் கிடந்தது. அந்தக் காலத்தில் நடுவில் ஒரே வரிசைதான் போடுவார்கள், ஆகவே அதுவே பழைய பாதையின் முதுகெலும்பு. முப்பது ஏக்கருக்கு மேல் புல்லைப் பெயர்த்தார்கள். 1,150 தண்ணீர்த் தெளிப்பான்களில் சுமார் 450 போதுமென்று மற்றதைப் பிடுங்கினார்கள். இத்தனையும் செலவு செய்து நிலத்தை வறண்டதாக்கினார்கள். 2014-இல் ஆண்கள், பெண்கள் இரண்டு யு.எஸ். ஓபனும் அங்கே அடுத்தடுத்த வாரம் நடந்தன. அப்போது அதிபராகாத டிரம்ப், பார்க்கச் சகிக்கவில்லை என்ற தொனியில் ட்விட்டரில் திட்டினார். மீட்பு சரியாக நடந்திருக்கிறது என்பதற்கு எனக்கு அதுவே அத்தாட்சி.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். அதே பைன்ஹர்ஸ்டில் 1930-களின் நடுப்பகுதி வரை கிரீன் என்பதே மணல்தான். புல் வைத்தவரும் ராஸே. அப்படியானால் அசல் எது, 1907-இன் மணலா, 1935-இன் புல்லா? மீட்பாளர்கள் 1943-ஐப் பிடித்ததற்குக் காரணம், படம் கிடைத்த வருஷம் அது. விமானம் நாலு வருஷம் தள்ளிப் பறந்திருந்தால் அசலும் நாலு வருஷம் தள்ளியிருக்கும்.

நம் நாட்டில் மீட்பைவிட மாற்றமே விருப்பம். டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் மொகலாயர் காலத்துக் கல்லறைக் கட்டடங்கள் நடுவே பந்து அடிக்கலாம். 1970-களில் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் வந்து அதை மாற்றினார், பின்னால் கேரி பிளேயர் நிறுவனம் வந்து கிரீன்களை மாற்றியது. கல்லறைக்காரர்கள் மட்டும் மாறாமல் படுத்திருக்கிறார்கள்.

ஆகப்பெரிய மீட்பைச் செய்தது சென்னைதான். கிண்டி குதிரைப் பந்தய ஓட்டத்தளத்துக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. 2024 செப்டம்பரில் அரசு அந்த நிலத்தின் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. வழக்குகள் ஒரு பக்கம் நடக்க, வேளச்சேரி வெள்ளத்தில் மிதக்கிறதே என்று மாநகராட்சி அங்கே குளம் தோண்டியது. ராஸ் காலம், மெக்கன்ஸி காலம் என்ற சில்லறைப் பேச்சே இல்லை. நேரே தண்ணீர்க் காலத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குளத்தையோ கோயிலையோ கிளப்பையோ பழைய நிலைக்கே கொண்டுவருகிறோம் என்று யாராவது கோப்போடு வந்தால், காபி கொடுத்து உட்காரவையுங்கள். எந்த வருஷத்துப் பழைய நிலை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.