தேக்கு வரட்டும்னு உக்காந்திரு, பேராண்டி

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கும்மிடிப்பூண்டியில தச்சு வேலையே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறியாம். இருக்கும், இருக்கும். சிப்காட் உள்ள இரும்பு உருக்குறவன் பாதி, கம்பி இழுக்குறவன் மீதி. தேர்வாய்கண்டிகையில டயர் கம்பெனி. இந்தாண்ட காக்களூர்ல சிட்கோ. ராவெல்லாம் ஹைவேயில லாரி வரிசை. இத்தனைக்கும் நடுவுல ஒரு பலகை ஒடையாது, ஒரு ஆணி கழறாதுன்னா நம்ப வேண்டியதுதான். வடக்கேர்ந்து வந்த தச்சுப் பசங்க கவரப்பேட்டையில ரூம் வாடகையை எதைக் கொண்டு கட்டுறாங்கன்னுதான் எனக்குப் புரியல. சொத்துக்காரப் பசங்க போல.

உன் மேல தப்பில்ல. நீ நிலை வைக்கிற ஆசாரி. தேக்குல நிலை இழைச்சு, மஞ்ச குங்குமம் வச்சு, வேட்டி துண்டோட தட்சணை வாங்குற கை, கண்ட கட்டையைத் தொடலாமா? ஆனா நிலையே இப்ப டெம்போவுல வந்து எறங்குது. ஜன்னலு யுபிவிசி. கதவு இரும்பு, மேல மரம் மாதிரி பெயின்ட். அதையும் மீறி எவனாவது மரத்துல கேட்டா, ஆடியில வீட்டு விசேஷம் கிடையாது, மார்கழியில கிடையாது, ஐப்பசி கார்த்திகையில மழை. மிச்ச மாசத்துக்கு வேலை, வயித்துக்கு மட்டும் பன்னெண்டு மாசம்.

மாட்டு வண்டிக்கு டயர் வந்தப்ப இந்த ஊர்ல பெரிய கை ரெண்டு பேர் இருந்தாங்க. குடம் கடைஞ்சு, ஆர்க்கால் எறக்கி, வட்டை பூட்டினா தலைமுறைக்கும் ஆடாது. சக்கரம் கேட்டு ஆள் வரும்னு கடைசி வரைக்கும் பட்டறையைப் பெருக்கி வச்சிருந்தாங்க. நான் கொஞ்சம் மானம் கெட்டவன். மறுவாரமே சென்ட்ரிங் பலகை அடிக்கப் போயிட்டேன்.

உனக்குத்தான் மானம் இருக்கே, அதனால பேலட் பக்கம் போயிடாதே. அது என்ன, சரக்கு அடுக்கப் பைன் கட்டையில அடிக்கிற மணை. எந்தக் கம்பெனி பின்பக்கமும் போய்ப் பாரு, ஒடைஞ்சது மலையாக் கெடக்கும். ஃபோர்க்லிஃப்ட் முள்ளு மோதுற முன்பலகைதான் மொதல்ல பொளக்கும். அந்த ஒரு பலகையைப் பேத்துட்டு வேற போட்டா மணை திரும்ப ஓடும். ஓரத்துல ஆணி வச்சா பைன் பொளந்துக்கும், கொஞ்சம் உள்ள தள்ளி அடிக்கணும். இதுக்கு இழைப்புளி கூட வேணாம். இதுல என்ன பெருமை இருக்கு? வாராவாரம் ஒடையும், வாராவாரம் கூப்பிடுவான், அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கோ. காட்டுப்பள்ளியில கப்பலேறி வெளிநாடு போற கட்டைன்னா வேற கணக்கு. நடு மரம் வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் நிக்கணும், பூச்சி புழு கூடவே போவக் கூடாதுன்னு. அப்புறம் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை. அனுமதி வாங்கின பட்டறைதான் அதைக் குத்தலாம். நீயா அச்சு செஞ்சு குத்தினா களிதான். அந்தப் பட்டறைக்காரனுக்குப் பொட்டி அடிச்சுக் குடு. உள்ளூர் குடோனுக்குள்ளயே சுத்துற பேலட்டுக்கு இந்தச் சூடும் வேணாம், முத்திரையும் வேணாம்.

கம்பெனிக்காரன் பில்லு கேட்டா ஏன் முழிக்கிற? கூலி வேலைக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் ஜிஎஸ்டி வேணாம். நீ தாண்டிட்டா எனக்குச் சொல்லு, ஊருக்கே கெடா வெட்டலாம். உத்யம் பதிவு மட்டும் போட்டு வையி, காசில்ல. பதிவு இருக்குறவனுக்குப் பணத்தை 45 நாளைக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு 2006 சட்டம் சொல்லுது. கம்பெனிக்காரன் கணக்கப்பிள்ளைக்கு இது தெரியும். உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியணும்.

கடனுக்கும் வழி இருக்கு. டெல்லிக்காரங்க கொண்டாந்த விஸ்வகர்மா திட்டத்தை இங்க ஏத்துக்கல. பதிலுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்துது. 3 லட்சம் வரைக்கும் பேங்க் கடன், அதுல 25 சதவீதம் மானியம், உச்சம் 50,000. 35 வயசு ஆகியிருக்கணும். உனக்கு 34. அடுத்த வருஷம் வரைக்கும் சும்மா உக்காந்திரு, அது உனக்குப் பழக்கம்தானே. கட்டடத் தொழிலாளர் நல வாரியம்னு ஒண்ணு 1994லேர்ந்து இருக்கு, தச்சனும் அதுல சேர்த்தி. கார்டு போடுடான்னா "அது கொத்தனாருக்கு"ன்ற. நான் மாசாமாசம் பென்ஷன் வாங்கி வெத்தலை போடுறேனே, அது கொத்தனார் குடுக்குறதா?

காலையில பத்து மணிக்கு முன்ன போனை எடுக்காதே. சூப்பர்வைசருங்க எட்டு மணிக்குக் கூப்பிடுவானுங்க, மரியாதை தெரியாத பசங்க. எடுத்தாலும் "நாளைக்கு வரேன்"னு சொல்லு. வடக்கத்திப் பையன் இன்னைக்கே போய் நிப்பான், அவன் அவசரக்காரன்.

முக்கியமானது, சொந்தக்காரன் வேலை. உன் தொழிலைத் தின்னது பிளைவுட்டும் இல்ல, யுபிவிசியும் இல்ல. அத்தை வூட்டு அலமாரி, சித்தப்பன் வூட்டுக் கொசுவலைக் கதவு. ஒரு வேளை சாப்பாடு போட்டு ரெண்டு நாள் கூலியை முழுங்கிடுவாங்க. இனிமே எவன் கூப்பிட்டாலும் பாதிப் பணம் முன்னாடி கைக்கு வரட்டும், அப்புறம் உளியை எடு. ரத்த சொந்தமா இருந்தாலும் சரி.

புரிஞ்சுதா? கெட்டிக்காரன். அந்தக் கொட்டாப்புளி கொண்டாந்திருக்கியா? உள்ள என் கட்டில் கால் ஒண்ணு ஆடுது, ஒரு ஆப்பு செதுக்கி எறக்கிட்டுப் போ.

என்னா, கையை நீட்டுற? அட்வான்சா? யாருகிட்டடா கேக்குற!