எக்கோவில் தெரியாத வலி

கேள்வி: என் கணவருக்கு பைபாஸ் செய்து மூன்று மாதமாகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். இவரோ பேப்பரைக்கூடப் பிரிப்பதில்லை. மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் "தைரியமா இருங்க" என்கிறார்கள். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தைரியம் இல்லாதவரா நெஞ்சைத் திறக்கச் சம்மதித்தார்? அவருக்குத் தேவை புத்திமதி அல்ல, வைத்தியம். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பைபாஸ் ஆனவர்களிடமும் இது சகஜம். எக்கோவில் இது தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

நீங்களே இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டு வாரமாக, பெரும்பாலான நாட்கள் மனசு சோர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறதா? பிடித்த காரியங்களில் நாட்டம் போய்விட்டதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நம் வீட்டு ஆண்கள் "தூக்கம் வரலை, அசதியா இருக்கு" என்பார்கள். "அழுகையா வருது" என்று சொல்ல வாய் வராது. ஆகவே சொல்லவேண்டியது நீங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இருந்தாலும் இப்படிச் சோர்வு வரும். அவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மனசு சரியில்லை என்றால் இதயத்துக்கு என்ன நஷ்டம்? (வாசகர், ஈரோடு)

பதில்: பெரிய நஷ்டம். கனடாவின் மான்ட்ரியலில் நான்சி ஃப்ராஷர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்பு வந்த 222 பேரை ஆறு மாதம் கவனித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். இதயம் எவ்வளவு பழுதாகியிருந்தது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மரண ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. சோர்ந்த மனசு மாத்திரையை மறக்கும், நடைப்பயிற்சியைத் தள்ளிப்போடும், விட்ட சிகரெட்டைத் திரும்பத் தேடும். உடம்புக்குள்ளும் ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும், அழற்சி கூடும்.

கேள்வி: மனசுக்கு மாத்திரை எடுத்தால் ஆயுள் கூடுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இதற்கு உறுதி தர முடியாது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த சுமார் 2,500 பேரில் பாதிப்பேருக்கு மனநல ஆலோசனை தந்து பார்த்த பெரிய ஆய்வு 2003-இல் வந்தது. சோர்வு குறைந்தது, ஆயுள் கூடவில்லை. தென்கொரியாவில் 300 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயப் பிரச்சினைகள் குறைந்தன. நான் சொல்வேன்: ஆயுள் கூடாவிட்டாலும், இருக்கிற நாளை மனிதன் அனுபவிக்கவேண்டாமா? வைத்தியம் பார்க்க அந்த ஒரு காரணமே போதும்.

கேள்வி: ஏற்கெனவே பத்து மாத்திரை. பதினொன்றாவது ஆபத்தில்லையா? (வாசகி, சேலம்)

பதில்: எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மாரடைப்பு வந்த நோயாளிகளிடம் செர்ட்ரலின் இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று 369 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய ரகங்களை இதய நோயாளிகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். செர்ட்ரலினோடு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எடுப்பவர் என்றால் ரத்தக்கசிவைக் கவனிக்கவேண்டும். மனநல மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தெம்பு வந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: என்னை வீட்டில் கண்ணாடிப் பாத்திரமாக வைத்திருக்கிறார்கள். கடைக்குப் போகாதே, படி ஏறாதே... (வாசகர், மதுரை)

பதில்: பிள்ளைகளே, படியுங்கள்! பாசம்தான், ஆனால் அப்பாவை மூலையில் உட்கார வைத்துவிட்டது. டாக்டர் அனுமதித்த அளவு நடப்பது இதயத்துக்கும் நல்லது, மனச்சோர்வுக்கும் மருந்து. பால் வாங்கும் வேலையை நாளைக் காலையிலேயே அவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: "நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?" என்கிறார் அண்ணன். சும்மா சொல்கிறாரா? (வாசகர், கோவை)

பதில்: சும்மா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதாண்ணே?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், மாத்திரை டப்பாவை உங்கள் பொறுப்பில் வையுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இன்றே கூப்பிடுங்கள்.