எஸ் த்ரீ சேட்டன்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம், பாங்ஙப்பாறை, குளத்தூர் வட்டாரத்தில் மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் எல்லோருக்கும் எஸ் த்ரீ சேட்டனைத் தெரியும். கேரளத்தில் எஞ்சினியரிங் பிள்ளைகளிடம் எத்தனாவது வருஷம் என்று கேட்டால் வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள். எஸ் ஒன், எஸ் டூ என்று செமஸ்டரைத்தான் சொல்வார்கள். எஸ் டூ வரைக்கும் ஒருவன் வெறும் பையன். தட்டுக்கடையில் பெஞ்சு காலியானால் கடைசியாக உட்காருகிறவன். மூத்தவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துவர ஓடுகிறவன். புது பேட்ச் வந்து இறங்குகிற நாள் காலையில் அவன் எஸ் த்ரீ ஆகிறான். பொழுது சாய்வதற்குள் சேட்டன் ஆகிவிடுகிறான்.

ஆனவுடனே அவருக்கு (இனி மரியாதை கொடுத்துத்தான் ஆகவேண்டும்) ஒரு கடந்த காலம் முளைத்துவிடும். "அப்பெல்லாம் இங்க இப்படி இல்ல" என்பார். அப்போது என்பது போன ஓணம். தோளில் டிராஃப்டர் பையைத் துப்பாக்கிபோல மாட்டிக்கொண்டு, அப்பா ஒருபக்கம், பெட்டி ஒருபக்கமாக வந்து நிற்கும் எஸ் ஒன் குழந்தைகளைக் கண்டால் அவர் கண்ணில் கருணை பொங்கும். கட்டன் சாயாவை ஊதிக்கொண்டே ஆரம்பிப்பார்: "இந்த ஒரு வருஷத்துல நான் என்ன கத்துக்கிட்டேன்னா..." இந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி கிடையாது. நேர நிர்வாகம், தன்னம்பிக்கை, தோல்வியைத் தாங்கும் மனது, குழுவாக உழைப்பது என்று நீண்டுகொண்டே போகும். கேட்கிற எஸ் ஒன் பையன் அதை நோட்டில் எழுதாத குறை. சாயாவுக்குக் காசு கொடுப்பதும் அவன்தான்.

எங்கள் மாடியில் இருக்கும் சேட்டன் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவர். படிப்பு எலக்ட்ரானிக்ஸ். வந்த புதிதில் எங்களிடம், "ஏனுங் மாமா, தண்ணி எத்தன மணிக்குங் வரும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். அவருடைய பாலக்காட்டு மலையாளத்தைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். இப்போது திருவனந்தபுரத்துக்காரர்போலப் பேச்சுக்குப் பேச்சு 'தள்ளே' என்கிறார், எதற்கெடுத்தாலும் 'எந்தரு' என்கிறார். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவிக்கே அதில் பாதி புரிவதில்லை. ஓணம் லீவுக்கு அமிர்தா எக்ஸ்பிரஸில் ஊர் போய் இறங்கியபோதும் நாக்கு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை போலிருக்கிறது. அவர் அம்மா எனக்கு போன் பண்ணிவிட்டார். "ஏனுங்ணா, பையனுக்கு என்னமோ ஆயிருச்சுங். சோறு கேட்டாலும் வேற என்னமோ கேக்கறானுங்."

ஊரில் இன்னொரு சோதனையும் நடந்திருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்தால் தமிழ்க் குடும்பம் முதலில் மிக்ஸியைத்தான் எடுத்து முன்னால் வைக்கும். இவருக்கும் வைத்தார்கள். மிக்ஸி, பிறகு சித்தப்பா வீட்டு டேபிள் ஃபேன், பிறகு தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டர். "நாங்க டிசைன் சைடுங்" என்று சொல்லித் தப்பித்திருக்கிறார். இதையும் அவர் வளர்ச்சிக் கணக்கில்தான் எழுதவேண்டும். ஒரு வருஷம் முன்பாக இருந்தால் கழற்றிப் பார்த்திருப்பார்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் ஒரு வருஷத்தில் உண்மையிலேயே கரைகண்ட கணிதம் ஒன்று உண்டு. ஃபூரியர் தொடர் இல்லை. இவர் 2019-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்துக்காரர். 2024-இல் திட்டம் மாறிவிட்டது, இப்போது வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. இவருக்கு ஒரு பேப்பருக்கு இன்டர்னல் 50, பல்கலைக்கழகப் பரீட்சை 100. இரண்டும் சேர்ந்து 75 வரவேண்டும். பரீட்சையில் மட்டும் தனியாக 40 வரவேண்டும். நடுராத்திரி எழுப்பி "இன்டர்னல் 33" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே "42 எடுத்தா போதும்" என்பார். 35-க்கு மேலே இன்டர்னல் இருந்தால் அதற்குமேல் உழைப்பது வீண் என்பதையும் அதே தூக்கத்தில் நிறுவிக் காட்டுவார். எந்த மாட்யூலைப் படிக்கலாம், எதை விட்டுத் தொலைக்கலாம், விட்டால் சப்ளி எழுதும் அபாயம் எவ்வளவு என்றெல்லாம் இவர் போடும் திட்டத்தைப் பார்த்தால், ஆட்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்காரர்கள் தவறான பாடத்தில் கேள்வி கேட்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அட்டெண்டன்ஸ் இன்னொரு தனிக் கலை. எழுபத்தைந்து சதவீதத்தில் ஏழெட்டு குறையும்போது 'டியூட்டி லீவ்' என்றொரு தெய்வம் வந்து காப்பாற்றும். கல்லூரி விழாவில் நாற்காலி எடுத்துப் போட்டால் டியூட்டி லீவ். வந்த விருந்தாளிக்கு வழிகாட்டினால் டியூட்டி லீவ். வழிகாட்டும் குழுவுக்கு வடை வாங்கப் போனவருக்கும் அதேதான். எங்கள் சேட்டன் ஒரு வாரம் முழுக்கக் கழுத்தில் வாலண்டியர் அட்டை தொங்க அலைந்தார். என்ன வேலை என்று கேட்டேன். "கோஆர்டினேஷன் மாமா." யாரை யாரோடு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அதற்கும் மேலே ஆக்டிவிட்டி பாயிண்ட். 2014-இல் தொடங்கி, கலாம் மறைந்த 2015-இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், வெறும் புத்தகப்புழுக்களாகப் பிள்ளைகள் போய்விடக்கூடாது என்று ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. இவருடைய பாடத்திட்டத்தில் பட்டம் வாங்கும் முன்னால் பாடத்துக்கு வெளியே நூறு புள்ளி சேர்க்கவேண்டும். விளையாட்டு, நாட்டு நலப்பணி, போட்டிகள், ஆன்லைன் படிப்பு என்று எதிலும் சேர்க்கலாம், சான்றிதழ் மட்டும் வேண்டும். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் புள்ளி என்று ஒன்று வந்துவிட்டால் மனுஷன் எல்லாவற்றையும் புள்ளியாகவே பார்ப்பான். ரத்ததானம் பண்ணப் போனவர் ஊசியைப் பார்க்கும் முன் சான்றிதழில் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தார். எதிர்வீட்டுப் பாட்டியைக் கைபிடித்து ரோடு தாண்ட வைத்தபோது, ஓரக்கண்ணால் யாராவது போட்டோ எடுக்கிறார்களா என்று தேடினார். பாட்டியைப் பத்திரமாகத்தான் கொண்டுபோய் விட்டார், அதையும் சொல்லவேண்டும்.

ஊரைச் சொல்லாமல் சேட்டனைச் சொல்ல முடியாது. திருவிதாங்கூரில் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், 1939-இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் எஞ்சினியரிங் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கேரளத்தின் முதல் எஞ்சினியரிங் கல்லூரி. இஸ்ரோ தலைவராக இருந்த ஜி. மாதவன் நாயர் 1966-இல் அங்கே படித்து முடித்து வெளியே வந்தவர். கடற்கரைப் பக்கம் போனால் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்துதான் முதல் ராக்கெட் மேலே போனது. மக்தலேனா மரியாள் தேவாலயம்தான் அன்றைக்கு அலுவலகம். இந்தச் செய்தியெல்லாம் சேட்டனுக்கு அத்துபடி. ஆனால் அவருக்கு இதில் உபயோகப்படுவது ஒன்றே ஒன்றுதான்: ராக்கெட்டின் முனைப்பாகத்தை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் படம். தம்முடைய புராஜெக்டில் அட்டைப்பெட்டியும் ரப்பர் பேண்டும் ஏன் இருக்கின்றன என்று ஆசிரியர் கேட்டால் அந்தப் படத்தைக் காட்டுவாராம். "தும்பாவுல சைக்கிள்லதான் சார் ஆரம்பிச்சாங்க." அந்த சைக்கிளில் இருந்தது ராக்கெட் என்பதை ஆசிரியர் நினைவுபடுத்தியிருப்பார் என்று நம்புகிறேன்.

புராஜெக்ட் என்றால் வேறென்ன, கறுப்புக்கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோ. எந்தக் கல்லூரியிலும் எஸ் டூவில் யாராவது இதைச் செய்யாமல் விடுவதில்லை. எங்கள் முற்றத்தில் ஒருநாள் ஓட்டிக்காட்டினார். வெள்ளைத் தரையில் கறுப்புக்கோடு என்பதைத் தலைகீழாக மாற்றிவிட்டால் சிமெண்டுத் தரையில் மாக்கோலத்தின் வெள்ளைக்கோட்டையும் பின்பற்றும் என்றார். பின்பற்றியது. என் மனைவி போட்டிருந்தது கம்பிக்கோலம். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்கிற கோலம். பாட்டரி தீரும்வரை ரோபோ நிற்கவில்லை. வாசலில் பால்காரர் கேனோடு நின்று, அது எப்போது வழிவிடும் என்று கேட்டார். நிற்பதற்கான புரோகிராமை இன்னும் எழுதவில்லை என்று சேட்டன் பதில் சொன்னார்.

இப்போது படிக்கட்டு விளக்குக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மாடிப்படியில் ஒரு பல்பு, கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம். மழைக்காலத்தில் கீழ் சுவிட்ச் சரியாகப் பிடிக்காமல் மின்ன ஆரம்பித்தது. கரமனையிலிருந்து எலக்ட்ரீஷியனை வரச்சொல்லலாம் என்று போனை எடுத்தேன். சேட்டன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மாமா, ஸ்டேர்கேஸ் வயரிங். ஒர்க்‌ஷாப்ல எங்களுக்கு ரெண்டாவது எக்ஸ்பெரிமெண்டே இதுதான்."

மிக்ஸிக்கு டிசைன் சைடு என்று சொன்னவர் இதற்குச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மெயினை அணைத்தார். அணைத்ததை டெஸ்டர் வைத்து இரண்டு தடவை பார்த்தார். செருப்புப் போட்டுக்கொண்டார். பிறகு, நேரே சுவிட்சைக் கழற்றுவதற்குப் பதிலாக, மாடிக்குப் போய் ஒரு டிராயிங் ஷீட்டை எடுத்து வந்து தரையில் விரித்து வரைய உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரம் வீடு இருட்டில் இருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் அந்தப் படம்! இரண்டு டூ-வே சுவிட்சுகள், நடுவில் இணைகோடாக ஓடும் இரண்டு கம்பிகள், எழுத்தெல்லாம் ஒரே உயரத்தில், பெயருக்கும் தேதிக்கும் மூலையில் கட்டம். எச்பி பென்சிலுக்கும் டூஎச் பென்சிலுக்கும் வித்தியாசம் தெரிந்த கை. எத்தனை ஷீட்டை "மறுபடி வரைஞ்சு கொண்டா" என்று திருப்பிக் கொடுத்திருந்தால் இந்தக் கை வந்திருக்கும் என்று யோசித்தேன். ஒரு வருஷ வளர்ச்சி பற்றி அவர் தட்டுக்கடையில் பேசியதில் இந்த டிராயிங் பற்றி ஒரு வார்த்தைகூட வந்ததில்லை. அதற்குப் புள்ளி கிடையாதே.

வேலை முடிந்தது. மெயினைப் போட்டார். கீழ் சுவிட்சை அழுத்தினேன், விளக்கு எரியவில்லை. மேலே போய் அழுத்தச் சொன்னார். எரிந்தது. கீழே அணைத்தேன், அணைந்தது. அதன்பிறகு மேலிருந்து என்ன செய்தாலும் எரியவில்லை. கடைசியில் தெரிந்தது என்னவென்றால், இரண்டு சுவிட்சும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருந்தால் மட்டும் விளக்கு எரியும். மறுபக்கம் இரண்டும் சேர்ந்திருந்தாலும் பயனில்லை. அதாவது இனிமேல் இருட்டில் மாடி ஏறுகிறவர், தமக்கு முன்னால் மாடியில் யாராவது சுவிட்சைச் சரியான பக்கம் வைத்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஏறவேண்டும்.

சேட்டன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"மாமா, இது ஆண்ட் கேட்!"

"எந்த கேட்டு?"

"ரெண்டு இன்புட்டும் ஒண்ணா இருந்தாத்தான் அவுட்புட் ஒண்ணு. லாஜிக் சர்க்யூட். இந்த செமஸ்டர் போர்ஷன்!"

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். முப்பது வருஷமாக வயர் இழுக்கிறவர். சுவிட்சைத் திறந்து, இடையில் ஓடுகிற இரண்டு கம்பிகளில் ஒன்று ஸ்க்ரூவில் மாட்டாமல் பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்ததைச் சுட்டுவிரலால் காட்டினார். மாட்டினார், முறுக்கினார், மூடினார். விளக்கு பழையபடி ஆனது. மேல்படியில் நின்ற சேட்டன் கொஞ்சம் சின்னவராகிவிட்டதுபோல இருந்தது. எஸ் டூ மட்டத்துக்கு வந்திருப்பார்.

கிளம்பும்போது எலக்ட்ரீஷியன் கண்ணில் சுவரோரம் கிடந்த டிராயிங் ஷீட் பட்டது. எடுத்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், விரலால் கம்பி கம்பியாகத் தொடர்ந்து பார்த்தார். "படம் சரியாத்தான் போட்டிருக்கு. யாரு போட்டது?" என்றார். நான் மேலே காட்டினேன். "தம்பி, இத நான் எடுத்துக்கட்டா? கூட வர்ற பையனுக்கு எத்தன தடவ சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது. இதப் பாத்தா ஏறும்."

சேட்டன் மூன்று படியை ஒரே தாண்டாகத் தாண்டி இறங்கி வந்தார். மறுபடியும் எஸ் த்ரீ.

"எடுத்துக்குங்கண்ணா, தாராளமா எடுத்துக்குங்க. சமூகத்துக்குத் தொழில்பயிற்சி குடுத்தாருன்னு உங்க கடை லெட்டர்ஹெட்ல ஒரு வரி எழுதிக் குடுப்பீங்களா? சீல் இருந்தா ரொம்ப நல்லது."