கடலுக்கடியில் ஒரு கணக்குப்பிள்ளை

உக்காரு தம்பி. தே தாரிக் ஆறிடும், குடிச்சுக்கிட்டே கேளு. ரெட்டைக் கோபுரத்துல வேலை கெடைச்சிருச்சாமே, அதுவும் கடலுக்கடியில எவ்வளவு எண்ணெய், எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்குன்னு கணக்குப் போடுற பக்கம்னு உங்கம்மா லிஃப்ட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கையில சொன்னா. நம்ம ஃபிளாட்ல லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிற நேரத்துல ஒருத்தர் ஜாதகமே முழுசா கேட்டு முடிச்சிரலாம், அதனால எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். நல்ல வேலைதான். 2025 ஜூன்ல நீ சேரப் போற கம்பெனி பத்துல ஒருத்தரைக் குறைக்கப் போறோம், 5,000 பேருக்கு மேலன்னு அறிவிச்சுது. அதுக்கப்புறமும் உனக்கு ஒரு நாற்காலி இருக்குன்னா காரணம் இருக்கு. எண்ணுறவனுக்கு எந்தக் காலத்துலயும் வேலை உண்டுடா. எண்ண ஒண்ணுமே இல்லாம போனாலும், ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணுமே.

ஆனா நேத்து மாடிப்படியில நீ ஒண்ணு சொல்லிட்டுப் போன பாரு, அதுதான் என்னைத் தூங்க விடலை. "தாத்தா, இந்த நாட்டு எண்ணெய் இன்னும் பன்னெண்டு வருஷந்தான், அதனால பெட்ரோல் கார் வாங்க மாட்டேன்"ன. எந்தப் புத்தகத்துல பாத்தேன்னு எனக்குத் தெரியும். 2020 கடைசியில மலேசியாவுக்கு 2.7 பில்லியன் பீப்பாய், வருஷத்துக்கு எடுக்குற அளவால வகுத்தா பன்னெண்டரை வருஷம்னு பிபி கம்பெனி அச்சுப் போட்டான். இப்போ நீ எடுக்கப் போற கார் கடன் ஒம்பது வருஷம். அந்தப் பன்னெண்டரையை இன்னைக்கிலருந்து எண்ணினா, கடனை அடைச்சிட்டு மூணரை வருஷம் ஜாலியா ஓட்டலாமே, அப்புறம் என்னய்யா கவலை?

சரி, சிரிக்காதே. அந்த வகுத்தல் இருக்கே, அதுல ஒரு குசும்பு இருக்கு. 1980ல உலகம் பூராவும் இருக்கிற எண்ணெய் கிட்டத்தட்ட 680 பில்லியன் பீப்பாய்னு எழுதி வச்சிருந்தான். முப்பது வருஷத்துக்குத்தான் காணும்னு ஊரே ஒப்பாரி வச்சுது. நாப்பது வருஷம் மூச்சுவிடாம எரிச்சோம். 2020ல எடுத்துப் பாத்தா 1,700 பில்லியனுக்கு மேல. ஐம்பது வருஷத்துக்கு வரும்கிறான். செலவு பண்ணப் பண்ணக் கூடுற சொத்து நம்ம வம்சத்துல யாருக்காவது இருந்திருக்கா?

அதனால உனக்கு மொத புத்திமதி: அங்க போய் "எண்ணெய் எவ்வளவு இருக்கு"ன்னு யாரையும் கேட்டுறாதே, உன்னைக் கிராமத்தான்னு நெனைச்சிருவான். "எடுத்தா கட்டுபடியாகுற எண்ணெய் எவ்வளவு"ன்னு கேக்கணும். கெணத்துல கெடக்குறதுல சாதாரணமா மூணுல ஒரு பங்குதான் மேல வரும், மிச்சம் பாறை இடுக்குல ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. விலை ஏறினா தண்ணியும் கேஸும் மாத்தி மாத்தி உள்ள அடிச்சு இன்னும் கொஞ்சம் பிழிவான். திரெங்கானு கடல்ல தாப்பிஸ் வயல் இருக்கு பாரு, எஸ்ஸோ 1969ல கண்டுபிடிச்சு 1978லருந்து உறிஞ்சுனது. அதுல 2014ல அப்படித்தான் புதுசா அடிக்க ஆரம்பிச்சாங்க. புது வயல் ஒண்ணும் கண்டுபிடிக்கலை, அதே கெழட்டு வயல்தான், ஆனா எடுக்க முடியுற கணக்கு மட்டும் கூடுது. விலை விழுந்தா அதுவே தலைகீழா நடக்கும். 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில ஒரு பீப்பாய் விலை சைபருக்குக் கீழ 37 டாலருக்குப் போச்சு. எண்ணெயைத் தூக்கிட்டுப் போறியா, நான் காசு தர்றேன்கிறான். அன்னைக்குச் சாயந்திரம் நீ கணக்கு எழுதியிருந்தா என்னத்தை எழுதுவ?

கப்பல் எடுத்துட்டுப் போய் மைல் கணக்கா கயிறு இழுத்து, காத்தடிக்கிற துப்பாக்கியால கடல்ல படார் படார்னு சுட்டு, பாறையில பட்டுத் திரும்பி வர்ற சத்தத்தைப் பதிவு பண்ணி, அதை வச்சுப் படம் வரையறாங்கன்னு நீதான் சொன்ன. நல்ல வித்தைதான், நான் மறுக்கலை. ஆனா படம் பாறை எப்படி மடிஞ்சிருக்குன்னு சொல்லும். மடிப்புக்குள்ள இருக்கறது எண்ணெயா உப்புத் தண்ணியான்னு துளை போட்டாத்தான் தெரியும். ஒரு துளைக்கு ஆகுற செலவுல நம்ம ஃபிளாட்டுக்கு லிஃப்ட் என்ன, எஸ்கலேட்டரே வச்சிரலாம். அதனால நாலஞ்சு துளை போட்டுட்டு, நடுவுல இருக்கற எடத்தையெல்லாம் படிச்சவங்க யூகிக்கிறாங்க.

யூகத்துக்கு மூணு பேர் வச்சிருக்கானாம்ல. பத்துல ஒம்பது தடவையாவது கெடைக்கும்னா "நிரூபிச்சது". பத்துல அஞ்சுன்னா "பெரும்பாலும் இருக்கும்". பத்துல ஒண்ணுதான்னா "இருந்தாலும் இருக்கும்". இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பேங்க்குக்குப் போனா முதல் எண்ணைக் குடு, அவன் உன் சட்டையவே நம்ப மாட்டான். மந்திரி கேட்டா நடு எண். பங்கு வாங்க வர்ற வெள்ளைக்காரனுக்குக் கடைசி எண், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். மூணுமே பொய்யில்லை. எது யாருக்குன்னு மட்டும் குழப்பிக்காதே.

மொத மொதல்ல இந்த நாட்டுல எண்ணெய் எண்ணுனது யாருன்னு தெரியுமா? 1882ல, சரவாக்குல, பாராம் வட்டாரத்துக்குத் துரையா இருந்த டி கிரெஸ்பினி. மீரி ஆத்து முகத்துவாரத்துக்கிட்ட ஊர்ஜனங்க கையால தோண்டின 18 எண்ணெய்க் கெணறு இருக்குன்னு எண்ணி, நல்லா ஆராய்ஞ்சு பாக்கணும்னு ராஜா புரூக் அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டாரு. ஜனங்க அதை வெளக்குக்கும் படகுல பூசறதுக்கும் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அரசாங்கம் என்ன செஞ்சுது? காயிதத்தைப் பத்திரமா வச்சுது. கால் நூத்தாண்டு! பின்னாடி சார்லஸ் ஹோஸ்னு இன்னொரு துரை வந்து தூசி தட்டி, ஷெல் கம்பெனிக்காரங்களைக் கூட்டிவந்து, 1910 ஆகஸ்டுல கனடா ஹில் மேட்டுல துளை போட்டு, டிசம்பர் 22ல எண்ணெய் வந்துச்சு. நாளைக்கு 83 பீப்பாய். 1972 வரைக்கும் ஓடுச்சு அந்தக் கெணறு, இப்போ "கிராண்ட் ஓல்ட் லேடி"ன்னு பேரு வச்சு நிக்கவச்சு போட்டோ எடுக்கறாங்க. உன் அறிக்கையை யாரும் படிக்கலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. துரை எழுதினதே தூங்கிருக்கு.

இப்போ நான் பாத்த கணக்கு ஒண்ணு சொல்றேன். தோட்டத்துல பால் வெட்டுக் காலத்துல, பால் ஸ்டோருக்கு முன்னாடி வாளியோட வரிசையில நிப்போம். கிராணி ஒரு குவளை பால் எடுத்து, தண்ணி கலந்து, அந்தக் கண்ணாடி மிதவையை உள்ள விடுவாரு. மிதவை எங்க நிக்குதோ, அதை வச்சுத்தான் அந்தப் பால்ல ரப்பர் எத்தனைன்னு கணக்கு, அதை வச்சுத்தான் சம்பளம். சிலபேர் வாளியில ஆத்துத் தண்ணி ஊத்திட்டு வருவாங்க, எடை கூட்ட. கிராணிக்குத் தெரியும். அதனால அவரு மிதவையைப் பாக்கறப்ப கண்ணை ஒரு கோடு கீழ வச்சுப் பாப்பாரு. தண்ணி ஊத்தாதவனுக்கும் அதே கண்ணுதான். மேல மானேஜர் துரை லண்டனுக்கு எழுதறப்போ போன வருஷத்தைவிட விளைச்சல் கூடன்னு எழுதுவாரு, ஏன்னா பங்கு விலை அங்க ஏறணும். ஒரே பால்தான். வெட்டினவன் ஒரு கணக்கு, அளந்தவன் ஒரு கணக்கு, வித்தவன் ஒரு கணக்கு.

எண்ணெய்லயும் வாளியில தண்ணி ஊத்தினவன் உண்டு. மீரியில துளை போட்ட அதே ஷெல்தான். 2004 ஜனவரி 9ஆம் தேதி, "நிரூபிச்சது"ன்னு எழுதியிருந்ததுல அஞ்சுல ஒரு பங்கு, 3.9 பில்லியன் பீப்பாய், உண்மையில அந்தக் கட்டத்துல எழுதக் கூடாததுன்னு அவனே அடிச்சான். எண்ணெய் எங்கயும் ஓடிப் போகலை, பூமிக்குள்ள கெடந்தபடியேதான் கெடந்துச்சு. தலைவர் பிலிப் வாட்ஸ் மட்டும் மார்ச்ல வீட்டுக்குப் போனாரு, கம்பெனிக்கு அமெரிக்காவுல 12 கோடி டாலர் அபராதம். நீ கவனிச்சுக்க: இல்லாததை இருக்குன்னதுக்கு இல்லை தண்டனை. நிரூபிக்காததை நிரூபிச்சதுன்னு எழுதினதுக்குத்தான். அதனாலதான் சொல்றேன், எந்தக் கட்டத்துல எழுதறேங்கிறதை ரெண்டு தடவை பாரு. எண்ணை ஒரு தடவை பாத்தா போதும்.

தண்ணி ஊத்தி மாட்டாதவனும் உண்டு. 1980கள்ல ஒபெக் நாடுங்க ஆளுக்கு எவ்வளவு விக்கலாம்னு பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. இருப்பு ஜாஸ்தி காட்டினா பங்கு ஜாஸ்தி கெடைக்கும்னு ஒரு நெனைப்பு. உடனே குவைத் ஏத்திச்சு, அமீரகம் ஏறக்குறைய மூணு மடங்காக்கிச்சு, சவூதியும் சும்மா இருக்கலை. ஈராக் 1987ல நூறு பில்லியன்னு எழுதிச்சு. சரியா நூறு! சில்லறை கிடையாது. அப்புறம் வருஷக்கணக்கா எடுத்து எடுத்து வித்தாங்க, புத்தகத்துல எண் அசையலை. தணிக்கை பண்ண யாரு உள்ள எறங்கறது? நாட்டுக் கணக்கு வேற, கம்பெனிக் கணக்கு வேற தம்பி. கம்பெனி தப்பா எழுதினா கேஸ் வரும். நாடு எழுதினா அடுத்த பக்கம் வரும்.

நம்ம நாட்டுல வசதி, ரெண்டும் ஒண்ணு. 1974 சட்டத்துல நாட்டு எண்ணெய் பூராவும் ஒரே கம்பெனி பேர்ல, நீ சேரப் போற அதே கம்பெனி பேர்ல, எழுதி வச்சாச்சு, அது பிரதமருக்குப் பதில் சொல்லும். குத்தகைக்கு வர்ற கம்பெனிங்க எல்லாம் வருஷாவருஷம் ஜனவரி 1ஆம் தேதிக்கு எவ்வளவு மிச்சம்னு அதுக்குக் கணக்கு ஒப்படைக்கணும். ஒரு காலத்துல நல்ல புத்தியும் இருந்துச்சு. 1980ல, பெரிய வயல்கள்ல மொத்தம் கெடக்கறதுல வருஷத்துக்கு 1.75 சதவீதத்துக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு விதி போட்டாங்க, பேரப்பிள்ளைகளுக்கு மிச்சம் வேணும்னு. அந்தப் பேரப்பிள்ளை நீதான்டா. அஞ்சு வருஷத்துல, 1985ல, 3 சதவீதம் ஆக்கிட்டாங்க. நீ அப்போ பொறக்கவே இல்லை, ஆட்சேபிக்கவும் இல்லை.

எண்ணுறதுக்கு அப்புறம் பங்கு போடுறது இருக்கே, அங்கதான் சுவாரசியம். மாநிலத்துக்கு அஞ்சு சதவீதம் ராயல்டின்னு பேச்சு. 1999 தேர்தல்ல திரெங்கானுல பாஸ் கட்சி ஜெயிச்சது. 2000 செப்டம்பர்ல ராயல்டி நின்னு போச்சு. கரையிலருந்து மூணு மைலுக்கு அப்பால இருக்கு, அது மாநிலத்துக்குச் சேராதுன்னுட்டாங்க, வேற பேர்ல வேற கை வழியா "வாங் எஹ்சான்"னு நல்லெண்ணக் காசு குடுத்தாங்க. எண்ணெய் ஒரு அடி நகரலை. ஜனங்க ஓட்டை நகர்த்தினாங்க, அவ்வளவுதான். உன் வரைபடத்துல அந்த மூணு மைலுக்கும் ஒரு கோடு போட்டு வச்சுக்க, சத்தத்தை வச்சு வரைஞ்ச கோட்டைவிட அது முக்கியம். இப்போ சரவாக்கும் தனியா பெட்ரோஸ்னு கம்பெனி வச்சுக்கிட்டு, எங்க கடல் கேஸை நாங்கதான் விப்போம்னு நிக்குது.

கடலுக்கடியில இருக்கறதுனால இதெல்லாம் சத்தமில்லாம நடக்குது. நெல்லு வயலுக்கடியில இருந்துச்சுன்னு வையி, தமிழ்நாட்டுல நம்ம ஆளுங்க பண்ணினது மாதிரி ஆயிரும். 2017ல புதுக்கோட்டை நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் எடுக்க வந்தப்போ, எத்தனை பீப்பாய்னு ஒரு ஆளு கேக்கலை. கெணத்துத் தண்ணி என்னாகும்னு கேட்டு மாசக்கணக்கா உக்காந்துட்டாங்க. 2020ல காவிரி டெல்டாவுக்கே பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. மீனுக்கு உக்காரத் தெரியாது.

நம்ம கடலுக்கடியில இருக்கற கணக்கு நமக்குக் கண்ணுல படறது ரெண்டே எடத்துல. ஒண்ணு, 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, ஹரி ராயா ரெண்டாம் நாள் காலையில. பூத்ரா ஹைட்ஸ்ல கேஸ் குழாய் வெடிச்சு மணிக்கணக்கா எரிஞ்சுதே, பக்கத்துக் காளியம்மன் கோயில்ல இருந்தவங்களெல்லாம் ஓடினாங்களே. அது வரைக்கும் திரெங்கானு கரையிலருந்து குழாய் நம்ம காலுக்கடியில வருதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொண்ணு பெட்ரோல் ஸ்டேஷன்ல. 2025 செப்டம்பர் 30லருந்து மைகார்டைக் காட்டினா லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாசம் 300 லிட்டர்னு ஆரம்பிச்சாங்க. என் ஹோண்டா கப்சாய்க்கு 300 லிட்டர் ஊத்தினா நான் தாய்லாந்து போய்த் திரும்பி வந்து மறுபடியும் போகணும். என் கார்டுலயும் இருப்பு எக்கச்சக்கமாத்தான் இருக்கு, எடுக்கத்தான் தொட்டி இல்லை.

கார் விஷயத்துக்கு வா. மின்சாரக் கார் வாங்கறதுன்னா வாங்கு, வேணாங்கலை. ஆனா எண்ணெய் தீர்ந்துரும்னு வாங்காதே, நம்ம ஃபிளாட்ல சார்ஜ் போட எட்டாவது மாடியிலருந்து வயர் விடுவியான்னு மொதல்ல யோசி. அப்புறம் வேலைக்குப் போய் மொத ஜனவரிக் கணக்கு கையில வந்தா எனக்கு எண்ணைச் சொல்லாதே, ரகசியத்தை வெளிய விட்டேன்னு வேலைக்கு உலை வந்துரும். பீப்பாய் என்ன விலைக்கு விக்கும்னு வச்சு அந்தக் கணக்கைப் போட்டாங்கன்னு நீ மட்டும் கேட்டுத் தெரிஞ்சுக்க. பதில் சொல்லாம உன்னை மேலயும் கீழயும் பாக்கறவர் யாருன்னு கவனிச்சு வை. அந்தப் பிரிவுல கிராணி அவருதான்.