ரேங்க் அங்கிள்

டெக்சாஸில் தமிழர்கள் கூடும் இடம் எதுவானாலும் அங்கே ரேங்க் அங்கிள் ஒருவர் இருப்பார். அறுபதை நெருங்கும் வயது. எண்ணெய் கம்பெனியில் ஐ.டி. வேலை. அவருக்குத் தெரிந்த மருத்துவம் காலையில் போட்டுக்கொள்ளும் பிரஷர் மாத்திரை மட்டுமே. ஆனால் பிப்ரவரி பிறந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு மெடிக்கல் ஸ்கூல் இடம் கிடைத்த சேதி பரவத் தொடங்கிவிட்டால், டீன்களுக்கெல்லாம் டீன் அவர்தான்.

பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும் குடும்பத்தை அவர் தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்துவிடுவார். தட்டோடு எழுந்து வந்து பக்கத்தில் உட்காருவார்.

"எங்கேம்மா கிடைச்சிருக்கு?"

"ரெண்டு இடம் அங்கிள். ஒண்ணு கால்வெஸ்டன்ல யூ.டி.எம்.பி. இன்னொண்ணு பாஸ்டன்ல."

"கால்வெஸ்டனா? அது பீச்சுக்குப் போற ஊராச்சே! முழுப் பேர் என்ன?"

"யுனிவர்சிட்டி ஆஃப் டெக்சாஸ் மெடிக்கல் பிராஞ்ச்."

"பிராஞ்சா? அப்ப மெயின் ஆபீஸ் எங்கே?"

அந்த பீச் ஊரில் 1891 முதல் மருத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டெக்சாஸ் மருத்துவக் கல்லூரிகளில் அதுதான் மூத்தது. அங்கிளிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அவருடைய கணக்கில் ஒரு கல்லூரியின் தரம், அதன் பெயரை மயிலாப்பூரில் இருக்கும் பெரியம்மாவிடம் போனில் சொல்லும்போது மறுமுனையில் எழும் "ஆ!" எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. ஹார்வர்டுக்கு நெடில். கால்வெஸ்டனுக்கு, "சரி, உடம்பைப் பாத்துக்கோ."

பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கிக் கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுப்பார். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டித்தான் கட்டணம். கிழக்குக் கரையின் பெரிய தனியார் கல்லூரிகளில் அது 70,000 டாலரை ஒட்டி நிற்கிறது. நாலு வருஷத்துக்கு வித்தியாசம் 2 லட்சம் டாலர். பாஸ்டன் வீட்டு வாடகையும் குளிர்கோட்டும் தனி.

அங்கிள் தயிர்சாதத்திலிருந்து கையை எடுத்துக் காற்றில் வீசுவார்.

"பணத்தைப் பாக்காதீங்க சார்! படிப்புங்கறது இன்வெஸ்ட்மென்ட்!"

இதைச் சொல்லும் மனிதர் யார் என்று கொஞ்சம் கவனிக்க வேண்டும். கேலனுக்கு எட்டு சென்ட் குறைவு என்று காஸ்ட்கோ பெட்ரோலுக்காக அரை மணி நேரம் வண்டியை உறுமவிட்டு வரிசையில் நிற்பவர். ஒரு டாலருக்கு மூணு கட்டு கொத்துமல்லி தரும் கடை எந்த வாரம் எது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர். நூறு டாலர் மிச்சம் என்று சென்னைக்கு இரண்டு இடத்தில் விமானம் மாறி, ஒரு ராத்திரியை ஏதோ ஒரு விமான நிலையத்து நாற்காலியில் கழிப்பவர். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில்தான் அவரே படித்தார். அன்றைக்குக் கட்டிய செமஸ்டர் ஃபீஸை இன்றைய டாலராக மாற்றினால் ஹூஸ்டனில் ஒரு மசால் தோசை வாங்கலாம், காபி வராது. அடுத்த வீட்டுப் பெண் 2 லட்சம் டாலர் கடன் வாங்குவது என்றால் மட்டும் அவருக்குள் ஒரு பாரி வள்ளல் எழுந்து தேரைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். தேர் யாருடையது என்பதுதான் கேள்வி.

அவருடைய ஆயுதம் ரேங்க் பட்டியல். யு.எஸ். நியூஸ் பத்திரிகை போட்டுவந்த பட்டியலை போனில் படமாக வைத்திருக்கிறார். பேரன் படத்தைக் காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவார். பாவம், காலம் அவரை மோசமாக வஞ்சித்துவிட்டது. 2023 ஜனவரியில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியே அந்த ரேங்க் பட்டியலுக்கு விவரம் தர மாட்டோம் என்று விலகியது. ஸ்டான்ஃபோர்டும் கொலம்பியாவும் பின்னாலேயே போயின. 2024இல் பத்திரிகையும் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போடுவதைக் கைவிட்டு, அடுக்கு அடுக்காகப் பிரித்துவிட்டது. அங்கிள் மட்டும் பழைய பட்டியலை விடவில்லை. "இப்ப நம்பர் போடறதில்லை. ஆனா போட்டிருந்தா இது ஏழாவது" என்கிறார்.

அவர் சொல்வது முழுக்கத் தப்பு என்றும் தள்ளிவிட முடியாது. 2022 ஜனவரியில், மருத்துவ மாணவர்கள் எழுதும் ஸ்டெப் 1 தேர்வுக்கு மதிப்பெண் வெளியிடுவதை நிறுத்தி, பாஸ் அல்லது ஃபெயில் என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார்கள். அதன்பிறகு, ரெசிடென்சி என்ற மேற்பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது கல்லூரிப் பெயரின் எடை கூடிவிட்டதோ என்ற கவலை மாணவர்களுக்கே இருக்கிறது. ஆராய்ச்சியில்தான் வாழ்க்கை என்று தீர்மானித்த பெண்ணுக்குப் பெரிய ஆய்வுக்கூடமும் பேர்பெற்ற வழிகாட்டியும் கிடைக்கும் இடம் உண்மையிலேயே உதவும். தூரத்துக் கல்லூரி என்றாலே விலை அதிகம் என்றும் இல்லை. நியூயார்க்கில் என்.ஒய்.யு. மருத்துவக் கல்லூரி 2018இல் எல்லோருக்கும் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தது. பிராங்ஸில் உள்ள ஐன்ஸ்டைன் கல்லூரிக்கு 2024இல் ரூத் காட்டஸ்மேன் என்ற முன்னாள் பேராசிரியை 100 கோடி டாலர் கொடுத்து, அங்கேயும் கல்விக் கட்டணம் இல்லாமல் ஆக்கினார். ஹூஸ்டனிலேயே இருக்கும் பெய்லர் தனியார் கல்லூரிதான். அரசு மானியத்தால் டெக்சாஸ்காரர்களுக்கு அங்கேயும் கட்டணம் குறைவு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உதவித்தொகை போக என் கையிலிருந்து எவ்வளவு என்பது. அங்கிள் கேட்காத ஒரே கேள்வியும் அதுதான்.

"ஹூஸ்டன்ல என்ன இருக்கு சார், எக்ஸ்போஷர் வேணாமா?" என்பார் அடுத்து. உலகத்தின் மிகப்பெரிய மருத்துவ வளாகம் அவர் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கிறது. இதய அறுவையில் உலகமே திரும்பிப் பார்த்த மைக்கேல் டிபேக்கியும் டென்டன் கூலியும் கத்தி பிடித்த ஊர் இது. போன வருஷம் அங்கிளுக்கே ஸ்டென்ட் வைத்தது அங்கேதான். வைத்த டாக்டர் எங்கே படித்தார் என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. டாக்டரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பார்த்தவை இரண்டு: இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில் இருக்கிறாரா, பார்க்கிங் இலவசமா.

இந்தச் சித்தாந்தம் ஒரே ஒரு வருஷம் தலைகீழாக இருந்தது. அவருடைய மகனுக்கு சான் அன்டோனியோ அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்த வருஷம். அப்போது அங்கிள், "எங்க படிச்சாலும் எம்.டி. எம்.டி.தான் சார். லைசென்ஸ் ஒண்ணுதான். பையன் மாசத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கு வருவான், மாமி சாம்பார்ப்பொடி கொடுத்தனுப்புவா" என்று ஊர் முழுக்கப் பிரசங்கம் செய்தார். வாழ்நாளில் அவர் சொன்ன மிகச் சரியான அறிவுரை அது. மகன் தேறியதும் பழைய பட்டியலுக்குத் திரும்பிவிட்டார்.

ஏப்ரல் 30க்குள் ஒரு கல்லூரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது அமெரிக்காவில் நடைமுறை. அதற்குள் பெண்ணும் பெற்றோரும் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு எளிது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு அமெரிக்க மத்திய அரசு தருவது ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். படிக்கும் காலத்திலேயே வட்டி ஓடும். அதற்கு மேல் வேண்டுமானால் தனியார் வங்கிக்குப் போக வேண்டும். வங்கிக்காரர் ரேங்க் கேட்பதில்லை. வருமானமுள்ள ஒருவர் உடன் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்பார்.

எனவே அடுத்த முறை அங்கிள் தட்டோடு வந்து உட்கார்ந்து, "பணத்தைப் பாக்காதீங்க" என்றால் வாதாடாதீர்கள். பணிவாக, "சரி அங்கிள், லோனுக்கு நீங்க கோ-சைன் பண்றீங்களா?" என்று கேளுங்கள். உங்கள் பெண்ணுக்கு எது நல்ல கல்லூரி என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிடும்.